கரடியை ஏன் இடம் மாற்றினாய்?

எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். அதன் பின்தொடையில் ஒரு அம்பு நின்றது.

குத்தம்பாக்கத்தைத் தாண்டி, நெடுஞ்சாலைக்கு ஓரமாகப் போகும் சர்வீஸ் ரோடு. ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் அதற்குள் முதுகில் ஏறிவிட்டது. முன்னால் கஸ்தூரி அக்கா கயிற்றைப் பிடித்து நடந்தாள். நடுவில் செல்வி. எருமைக்கு அதுதான் பெயர். கடைசியில் நான்.

வாலைப் பிடிப்பது ஒரு வேலையா என்று கேட்கலாம். ரத்தத்துக்கு ஈ வரும். ஈயை ஓட்ட எருமை வாலை வீசும். வீசிய வால் அம்பில் பட்டால் அது வலியில் துள்ளும். துள்ளினால் அம்பு இன்னும் உள்ளே இறங்கும். அதனால் ஒரு கையில் வால், மறு கையில் துண்டு. ஈ ஓட்டும் பொறுப்பை எருமையிடமிருந்து நான் வாங்கிக்கொண்டேன்.

வெளியே நீட்டிய அம்பின் வால்முனையில் மூன்று ஆரஞ்சு இறகுகள். பிளாஸ்டிக் இறகுகள். செல்வி கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் அவை இப்படியும் அப்படியும் ஆடின. ரோட்டில் போன அத்தனை பேரும் அந்த ஆரஞ்சு நிறத்தைத்தான் பார்த்தார்கள். எருமையை யாரும் பார்க்கவில்லை.

ஒரு பைக்கில் மூன்று பையன்கள் வந்து வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் இருந்தவன் போனை நீட்டினான்.

"இன்னா நைனா, ஷூட்டிங்கா? ஈரோ எங்க?"

அக்கா திரும்பாமலே சொன்னாள்: "ஈரோ பரண் மேல குந்திகினு கீறான். போய் எறக்கி உடு, போ."

பையன்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் அதை நகைச்சுவை என்று நினைத்தார்கள். அது அப்பட்டமான உண்மை.

செல்வி நிறைசினை. அக்காவிடம் இருக்கும் மாடு அது ஒன்றுதான். அம்பு தொடையோடு நின்றதா, சாய்ந்து வயிற்றுக்குள் போய்க் கன்றைத் தொட்டதா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. திருமழிசைப் பக்கம் கால்நடை மருத்துவமனைக்குப் போனால்தான் தெரியும். போன் செய்து பார்த்தோம். மாட்டு ஆம்புலன்ஸ் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. வர மதியமாகும் என்றார்கள். குட்டியானை லோடு வண்டிக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஏற்றும்போது அம்பு பலகையில் இடித்தால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டாள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதனால் நடந்தோம்.

வீடு கட்ட ஆகாத காடு

ஐயப்பன்தாங்கல் டெப்போ பக்கம் தண்ணீர் கேன் தூக்கி, இடுப்புப் பிடித்துக்கொண்டு, அந்த வேலையை விட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்கு அடுத்து மாட்டியதுதான் இந்த வில் கிளப்.

முதலாளி பெயர் சுதாகர். மனை விற்கிற ஆள். குத்தம்பாக்கம் பக்கம் பெரிய நிலமாக வாங்கிப் போட்டார். மழை வந்தால் முட்டிவரை தண்ணீர் நின்றது. மனை வாங்க வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். வீடு கட்ட ஆகாத நிலத்தை என்ன செய்வது? காடு என்று சொல்லிவிட்டார். சவுக்கு நட்டார். புல்லை வளரவிட்டு, வெயில் காலத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார். சுற்றிலும் வேலி போட்டு, வில் வேட்டை கிளப் என்று போர்டு மாட்டினார்.

ஊர் மாடுகள் காலங்காலமாகப் படுத்துக் கிடந்த குட்டையும் வேலிக்குள் போயிற்று. ஊரில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாம் கஸ்தூரி அக்காவைப் போன்றவர்கள். அவர்கள் கேட்பதைக் கேள்வி என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

காட்டுக்குள் மிருகம் வேண்டுமே. வெளிநாட்டிலிருந்து ஃபோம் மிருகங்கள் வரவழைத்தார். மெத்தைக்குள் இருக்குமே, அதைவிடக் கெட்டியான ஃபோம். சில மான்கள், ஒரு காட்டுப்பன்றி, ஒரு வான்கோழி, ஒரு கரடி. மான்களின் கொம்பு முருங்கைக் கிளைபோலப் படர்ந்திருக்கும். நம் ஊர்ப் புள்ளிமான் அவற்றுக்குப் பக்கத்தில் நின்றால் ஆட்டுக்குட்டி என்றுதான் நினைக்கத் தோன்றும்.

என் வேலை, தைத்த அம்புகளைப் பிடுங்குவது. கிழிந்த இடத்தில் பசை ஊற்றுவது. மழை வந்தால் மிருகங்களைத் தூக்கித் தகரக் கொட்டகையில் போடுவது. ராத்திரி அதே கொட்டகையில் அவற்றோடு படுத்துக்கொள்வது. மானின் வயிறு தலையணைக்குப் பரவாயில்லை. கரடி உறுத்தும். பெயர் கேட்பார்கள், சொல்வேன், மறந்துவிடுவார்கள். ஆவடிக்காரன் என்று தெரிந்ததும் 'ஆவடி' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஞாயிறு காலையில் வேடர்கள் வருவார்கள். வரிசையாகக் கார்கள். இறங்கும்போதே இலை படம் போட்ட சட்டை, இலை படம் போட்ட கால்சட்டை, இலை படம் போட்ட தொப்பி. கன்னத்தில் கரி. இரு முனையிலும் சக்கரம் வைத்த வில். அந்த வில்லை இழுக்க ஒரு கொக்கி. கொக்கியை மணிக்கட்டில் மாட்ட ஒரு பட்டை. இவ்வளவும் அசையாத ஃபோம் பன்றியை அடிக்க.

அவர்களில் பெரிய ஆள் ஒரு பல் டாக்டர். பாலாஜி என்று பெயர். தன்னை 'கரடி பாலாஜி' என்று தானே அழைத்துக்கொள்வார். அடுத்த வருடம் வெளிநாடு போய் நிஜக் கரடியை வில்லால் அடிக்கப் போகிறார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அடுத்த வருடமாகவே இருந்தது.

ஒரு நாள் அவர் சின்னப் பாட்டில் ஒன்றைத் திறந்து பூட்சில் தெளித்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு கழிப்பறை நாற்றம்.

"என்னா சார் இது, மருந்தா?"

"மான் மூத்திரம், ஆவடி. இம்போர்டட். மனுஷ வாசனை தெரியக் கூடாதுல்ல?"

"யாருக்கு சார்?"

"மானுக்குத்தான்!" என்றார், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

நான் மானைப் பார்த்தேன். அதற்கு மூக்குத் துளையே பெயிண்டில் வரைந்ததுதான்.

அந்த பூட்சைக் காரில் ஏற்றக் கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். அதனால் அது கிளப்பிலேயே, நான் படுக்கும் கொட்டகையில், என் தலைமாட்டில் இருந்தது. கரடி வேட்டைக்காரரின் வீட்டு நிலவரம் அது.

வெந்நீர் அடுப்பு

வில்லைக் கண்டால் எனக்கு வாய் கோணுவதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பக்கத்து வீடு சேலம், எதிர்வீடு நாகர்கோவில், மாடியில் கடலூர். சாப்பாடு, பேச்சு, சண்டை எல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. பையன்கள் மட்டும் ஒரே ஜாதி. மழைக்காலம் முடிந்தால் குவார்ட்டர்ஸ் குப்பையில் உடைந்த குடைகள் கிடக்கும். குடைக்கம்பியை உருவி, சிமென்ட் தரையில் தேய்த்து முனை கூராக்கினால் அம்பு தயார். மூங்கில் தட்டியை உடைத்தால் வில்.

எங்கள் வேட்டை ஓணான். பருத்திப்பட்டு ஏரிக்கரை முட்செடிகளில் மத்தியானம் முழுக்க அலைவோம். ஓணான் தலையை ஆட்டி ஆட்டி எங்களைப் பார்க்கும். நாங்கள் ஒன்றைக்கூட அடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடித்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

ஒரு நாள் கடலூர்க்காரப் பையன் விட்ட குடைக்கம்பி சொந்தத் தம்பியின் கெண்டைக்காலில் போய் நின்றது. அவன் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முதலில் கம்பியைப் பிடுங்கினாள். பிறகு ஒவ்வொருவன் வில்லையும் வாங்கி, அந்த வில்லாலேயே அவனவனைச் சாத்தினாள். பிறகு எல்லா வில்லையும் முறித்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள். அன்று அந்த வீட்டில் எல்லோரும் சுடுதண்ணீரில் குளித்தார்கள்.

ஆவடியின் வில்வித்தை அத்தோடு முடிந்தது. பல் டாக்டருக்கு அப்படி ஒரு அம்மா வாய்க்கவில்லை.

என் படிப்பும் அதன் பிறகு ரொம்பத் தூரம் போகவில்லை. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்துக்குப் போவதாகக் கிளம்பி, ஒரு நாள் வேறு பக்கம் நடந்தேன். இன்னும் நடந்துகொண்டிருக்கிறேன்.

பூ பொறுக்கியவர்கள்

நடந்த இடங்களில் ஒன்று ஜவ்வாது மலை. புளி ஏற்றுகிற லாரியில் கிளீனராகப் போன சமயம். மலைமேல் ஒரு டீக்கடை. கடைக்காரருக்கு முகத்தில் ஒரு பாதிதான் சரியாக இருந்தது. மறுபாதியில் கண் இல்லை; கன்னம் மடித்து ஒட்டிய மாதிரி இருந்தது.

பார்க்காத மாதிரி டீ குடித்தேன். எல்லோரும் அப்படித்தான் குடிப்பார்கள் போல. அவரே சொன்னார், "கரடி."

"வேட்டைக்குப் போனீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதி முகம்தான் சிரித்தது. "இலுப்பைப் பூ பொறுக்கப் போனேன். மரத்துக்கு இந்தப் பக்கம் நான் குனிஞ்சு பொறுக்குறேன். அந்தப் பக்கம் அது குனிஞ்சு பொறுக்குது. ரெண்டு பேருமே பாக்கல. நிமிர்ந்தோம். அவ்ளோதான்."

"கோவம் வரலையா அது மேல?"

"அதுக்கும் பயம்தானே," என்றார். பிறகு சர்க்கரை போதுமா என்று கேட்டார்.

அதே மலையில் மான் பிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைத்துவிட்டு, கள்ளு குடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் மான் தானாகவே செத்துக் கிடக்கும். வேட்டையில் வீரம் என்று சொல்கிறார்களே, அந்தச் சரக்கை நான் எங்கேயும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் திருட்டு. நடுவில் ஒன்றும் இல்லை.

டீக்கடைக்காரர் கதையைப் பல் டாக்டரிடம் ஒரு முறை சொன்னேன். மிகக் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கரடி என்ன வெயிட் இருக்கும்?"

கரடி எழுந்தது

கிளப்பில் ஒரு வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் நான் மிருகங்களை எல்லாம் இடம் மாற்றி வைக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிறு காலை வேடர்கள் வரிசையாக நடப்பார்கள். ஆங்காங்கே மஞ்சள் முளைக்குச்சி. குச்சிக்குப் பக்கத்தில் நின்று, கண்ணில் பட்ட மிருகத்தை அடிக்க வேண்டும். கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது. என்ன அது என்று கேட்கக் கூடாது. காட்டில் யாரும் சொல்லித்தர மாட்டார்களாம். அதனால் இங்கேயும் கேட்கக் கூடாதாம். வருடத்துக்கு ஒரு தடவை இந்த நடைக்குக் கோப்பை உண்டு. அந்த ஞாயிறு கோப்பை ஞாயிறு.

கரடியைக் குட்டைக்கரையிலேயே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தூக்கச் சோம்பல்பட்டு அதை மட்டும் ஒரு மாதமாக அங்கேயே விட்டிருந்தேன். ஆனால் கரை சேறாக இருந்தது. கரடியின் கால் இறங்கி, அது குடித்தவன்போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. தூக்கிக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால், ஆள் உயரப் புல்லுக்குள் வைத்தேன்.

காலையில் நான் பின்னால் இருந்தேன். பன்றியின் தோளில் ஆழமாகப் போன அம்பு ஒன்றை உருவிக்கொண்டிருந்தேன். முன்னால் குட்டைப் பக்கம் "ஹிட்!" என்று பல் டாக்டரின் குரல் கேட்டது. "பாத்தீங்களா? சிங்கிள் ஷாட்!" என்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

கைதட்டல் முடிவதற்குள் ஒரு கதறல். ஃபோமிலிருந்து வராத சத்தம்.

ஓடினேன். குட்டைக்கரைக் கோரைக்குள் சேறு வழிய ஒரு கறுப்பு முதுகு எழுந்துகொண்டிருந்தது. அது எழுந்தது. திரும்பியது. அதற்குக் கொம்பு இருந்தது. அப்போதும் பல் டாக்டரும் கூட இருந்த நான்கு பேரும் "கரடி! கரடி!" என்றுதான் கத்தினார்கள். வில்லைப் போட்டார்கள், தொப்பியைப் போட்டார்கள், மான் மூத்திரப் பாட்டில் கல்லில் விழுந்து உடைந்தது. இரண்டு பேர் உட்காரக் கட்டிய பரணில் ஐந்து பேரும் ஏறிவிட்டார்கள். முதலில் ஏறியவர் கரடி பாலாஜி.

செல்வி யாரையும் துரத்தவில்லை. நின்ற இடத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது.

வேலியில் ஒரு ஓட்டை உண்டு. அது வழியாகத்தான் செல்வி தினமும் குட்டைக்கு வரும். கதறல் கேட்டுக் கஸ்தூரி அக்காவும் அது வழியாகவே வந்தாள். புடவை முள்ளில் மாட்டிக் கிழிந்ததை அவள் பார்க்கவில்லை.

"எவன்டா அது? என் புள்ளத்தாச்சி மேல எவன்டா கை வெச்சது?"

பரணில் இருந்த ஐந்து பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள்.

அவள் செல்வியிடம் போனாள். கழுத்தில் கை வைத்து, "ஒண்ணும் இல்லடி, ஒண்ணும் இல்ல, நான் வந்துகினேன் பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்பைப் பார்த்தாள். தொடவில்லை. வயிற்றில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள். கன்று அசைகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"அசையுதாக்கா?"

"தெர்ல. இது நடுங்குறதுல ஒண்ணும் தெர்ல."

அதற்குள் வந்து பார்த்துவிட்டு ஓடிய சுதாகர் அப்போது திரும்பி வந்தார். கையில் இரும்பு அறுக்கும் ரம்பம். மருத்துவப் பெட்டி எடுக்கப் போனார் என்று நினைத்திருந்தேன்.

"வெளிய நீட்டிட்டிருக்குற பாகத்தை மட்டும் அறுத்துடலாம்மா. அம்பு தெரியாம இருந்தா போதும். வேலிக் கம்பி குத்திடுச்சுன்னு சொல்லிக்கலாம். செலவு நான் பாத்துக்குறேன்."

"கிட்ட வந்தே, உன் கைய அறுத்துடுவேன்," என்றாள் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. யார் மேலாவது கோபப்பட வேண்டுமே.

"யோவ், கரடியை ஏன்யா இடம் மாத்துன?"

"சேறு சார். நிக்கல."

"நான் நேத்து ராத்திரிதானே டாக்டர் கிட்ட போன்ல சொன்னேன், கரடி குட்டைப் பக்கம்தான் இருக்குன்னு! அதை நம்பித்தானே அவர் அடிச்சாரு!"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பரண்மேல் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சுதாகர்? முன்னாடியே சொல்லிட்டீங்களா அவருக்கு?"

"இது சீட்டிங் இல்லையா?" என்றார் இன்னொருவர்.

"அப்போ போன வருஷக் கோப்பையும் இப்படித்தானா?"

கீழே ஒரு சினை எருமை ரத்தம் ஒழுக நிற்கிறது. மேலே பரணில் ஐந்து வேடர்கள், இறங்கப் பயந்துகொண்டு, கோப்பைக்குச் சண்டை போடுகிறார்கள். என் வாழ்நாளில் அம்பு மிருகத்தில் தைத்து நான் பார்த்த வேட்டை இது ஒன்றுதான். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். "வாக்கா, நடக்கலாம்," என்றேன்.

"ஆவடி, நீ இப்ப வெளிய போனா உனக்கு இங்க வேலை இல்ல, சொல்லிட்டேன்," என்றார் சுதாகர்.

"சரி சார்."

என் பை கொட்டகையில் இருந்தது. எடுக்கப் போகவில்லை. அதில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும்தான். கேட்டைத் தாண்டும்போது பின்னால் பரணிலிருந்து பல் டாக்டரின் குரல் மெதுவாகக் கேட்டது.

"போயிடுச்சா?"

அம்பு யாருடையது

இப்போது மறுபடி அந்த ரோட்டுக்கு வருகிறேன்.

பெட்ரோல் பங்கில் அக்கா ஒரு வாளித் தண்ணீர் கேட்டாள். செல்வி குடிக்கவில்லை. அக்கா அந்தத் தண்ணீரை அதன் முதுகில் மெல்ல ஊற்றினாள். எருமைக்கு வெயில் ஆகாது. அம்பு பட்டதைவிட அந்தத் தார் ரோடு அதற்குக் கஷ்டமாக இருந்திருக்கலாம்.

"இது கன்னு போட்டா கெடேரிதான் போடும்னு வெச்சிகினு கீறேன்," என்றாள் அக்கா. அதுவரை அவள் கன்றைப் பற்றிப் பேசவே இல்லை. "போன தபா காளக்கன்னு. பால் மறக்குறதுக்குள்ள போயிட்ச்சு. இதுவும் போச்சின்னா மாட்டு சோலியே வோணாம்னு எம் புள்ள சொல்லிட்டான். அவனுக்கு ஊட்டாண்ட சாணி நாத்தம் ஆவல. வண்டி நிறுத்த எடம் வோணுமாம்."

நான் ஈயை ஓட்டினேன்.

என் போன் அடித்தது. சுதாகர்.

"ஆவடி, ஆஸ்பத்திரி போயிட்டீங்களா? கேளு, அந்த அம்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. டாக்டருக்கு வேணுமாம். இம்போர்டட்."

"எதுக்கு சார்?"

"ஒரு ஞாபகத்துக்குன்னு சொல்றாரு."

அக்காவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நடந்துகொண்டே இருந்தாள். கொஞ்சம் தூரம் போன பிறகு, "நல்லா ஞாபகம் வெச்சிக்கட்டும்," என்றாள்.

மருத்துவமனையில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும் நேரம். எங்களைப் பார்த்ததும் கைப்பையை மறுபடி ஆணியில் மாட்டினார்.

"யாரு அடிச்சது?"

"பல்லு டாக்டரு மேடம்," என்றாள் அக்கா.

"பல் டாக்டரா?"

"ஆமா. பல்லு புடுங்குறது பத்தலியாம்."

டாக்டரம்மா அதற்குமேல் கேட்கவில்லை. செல்வியைக் கட்டைகளுக்கு நடுவில் நிறுத்தினோம். தோள்வரை நீளமான உறை போட்டுக்கொண்டு, உள்ளே கை விட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். நான் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே மதில் ஓரம் போனோடு கூட்டம்.

"உதைக்குது," என்றார் டாக்டரம்மா. "என் கைய நல்லாவே உதைக்குது."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்பு தொடைச் சதையில்தான் இறங்கியிருந்தது. வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி. மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் கீறி, நேராக இழுத்தார். நீண்டு நின்ற பாகத்தை யாரும் அறுக்காமல் விட்டது நல்லது என்றார். இல்லாவிட்டால் பிடிக்க ஒன்றும் இருந்திருக்காதாம். தையல் போட்டு, கட்டு வைத்து, கணக்கில்லாத கட்டுப்பாடுகள் சொன்னார். காயம் ஆறும்வரை மேய விடக் கூடாது. குட்டையில் இறங்கவே கூடாது. வேளாவேளைக்குப் பச்சைப்புல் அறுத்து வந்து போட வேண்டும்.

"பச்சப்புல்லா?" என்றாள் அக்கா. "இந்த வெயில்ல பச்சப்புல்லு எங்க கீது மேடம்? ஊரு பூரா பிளாட்டு கல்லு நட்டு வெச்சிகினு கீறானுங்க."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

அந்த நேரத்தில் சுதாகரின் கார் வந்தது. இலைச் சட்டைக்கு மேல் வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். கழுத்தில் இலை தெரிந்தது. மதில் ஓரக் கூட்டத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "பேசிக்கலாம்மா, என்ன வேணும்னு சொல்லுங்க," என்று சட்டைப் பையில் கை வைத்தார்.

அக்கா எழுந்தாள். ரத்தம் துடைத்த அம்பை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள்.

"காசு வோணாம். புல்லு வோணும்."

"புல்லா?"

"உன் தோட்டத்துல ஆள் ஒசரத்துக்கு நிக்குதே, அது. எம் மாட்டுக்குப் புண்ணு ஆறி மேயற வரிக்கும் என் ஆளு வருவான், அறுப்பான், தூக்கிகினு வருவான். கேட்ட தொறந்து உடணும். மாட்டேன்னா சொல்லு. இந்த அம்ப எடுத்துகினு நேரா டேசனுக்குப் போறேன்."

"அய்யோ, அது ஹன்ட்டிங் கிரவுண்டும்மா. புல்லு போச்சுன்னா மிருகம் எல்லாம் வெட்ட வெளியில தெரியுமே!"

"தெரியட்டும். அதுக்குத்தான்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார், போன்களைப் பார்த்தார், அக்காவின் இடுப்பைப் பார்த்தார். தலையை ஆட்டினார். போகும்போது, "அந்த அம்பு..." என்று இழுத்தார்.

"எங்க மாட்டு ஒடம்புலர்ந்து வந்துது. எங்களுது," என்றாள்.

இப்போது அது அவள் கொட்டகைக் கூரையில் செருகியிருக்கிறது. பால் தூக்கு மாட்ட வசதியாக இருக்கிறதாம்.

மறுநாள் காலை

அக்கா சொன்ன அந்த 'ஆள்' யார் என்று நான் கேட்கவில்லை. ராத்திரி கொட்டகையில் செல்விக்குப் பக்கத்தில் படுக்கச் சாக்கு கொடுத்தாள். ஃபோம் மானைவிட எருமை எவ்வளவோ மேல். மூச்சு விடுகிறது. காலையில் பழைய சோறும் ஊறுகாயும் வைத்தாள். பக்கத்தில் அரிவாள் ஒன்றையும் கயிறு ஒன்றையும் வைத்தாள். இரண்டு வேளைச் சோறு, படுக்க ஒரு மூலை, அதுதான் கூலி. இதைவிட மோசமான வேலைகளில் இருந்திருக்கிறேன் என்பது இந்தத் தொடரைப் படித்துவருகிறவர்களுக்குத் தெரியும்.

கேட்டைச் சுதாகரே திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வந்துட்டியா ஆவடி. எனக்குத் தெரியும் நீ வருவேன்னு. போ, போய் அந்தப் பன்றிக்குப் பசை ஊத்து."

"இன்னிக்கு நான் அக்கா ஆளு சார்," என்று அரிவாளைக் காட்டினேன்.

அவர் ஒதுங்கினார். நான் குட்டையைத் தாண்டிச் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போனேன். பனி ஈரத்தோடு புல் ஆள் உயரம் நின்றது. நான் வைத்த இடத்திலேயே கரடியும் நின்றது, மேலே ஒரு கீறலும் இல்லாமல். குனிந்து, அதைச் சுற்றி இருந்த புல்லை முதலில் அறுத்தேன். இனி யார் எங்கே நின்று பார்த்தாலும் அது கரடி என்று தெரியும்.